பெற்றுக்கொண்டவர்

வண்டிக்காரப் பெண் தராசின் பொத்தானை மூன்றாவது முறையாக அழுத்திப் பார்த்தாள். அதன் திரையில் ஒரு எண்ணும் வரவில்லை.

"சார்ஜ் இல்ல சார். இதோட ஒயரையும் காணோம். எடை போடாம எதையும் ஏத்தக் கூடாது. இனி அடுத்த மாசம்தான்."

ஸ்டோர் கீப்பருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. ஆனாலும் தெருவில் அவருக்கு இன்னும் அதுதான் பெயர். அவர் காலடியில், வாசற்படியில், அந்த அட்டைப்பெட்டி இருந்தது. இருபத்திரண்டு வருடமாகச் சேர்த்த ஒயர்கள். செத்துப்போன ரேடியோவின் ஒயர், யாரோ தொலைத்த கேமராவின் ஒயர், தான் எதற்குப் பிறந்தோம் என்பதே மறந்துபோன ஒயர். ஒவ்வொன்றையும் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, பெயர் எழுதிய சீட்டு ஒட்டி வைத்திருந்தார். மேலே ஒரு நோட்டு. தேதி, பொருள், பெற்றுக்கொண்டவர் என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் இதுவரை பேனா பட்டதில்லை.

தொழிற்சாலையில் இருந்தவரை அவருடைய ஜன்னலுக்கு முன்னால் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். ஒரு போல்ட், ஒரு வாஷர், ஒரு பெல்ட் என்று கை நீண்டுகொண்டே இருக்கும். இல்லை என்று அவர் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. கையெழுத்து வாங்காமல் கொடுத்ததும் இல்லை. வீட்டிலும் ஜன்னல் இருக்கிறது, சரக்கு இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

போன வாரம், புதுப் படுக்கை விரிப்புகளை வைக்க அலமாரியில் இடம் தேடிய மனைவி, பெட்டியைக் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"ஒரு நாள் தேவைப்படும், ஒரு நாள் தேவைப்படும்னு சொல்றீங்களே. இத்தனை வருஷத்துல ஒருத்தராவது வந்து ஒரு ஒயர் கேட்டிருக்காங்களா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், பழைய மின்சாமான் எடுக்கும் வண்டியை வரச் சொல்லும்படி அவரே சொல்லிவிட்டார். பெட்டி போவதுகூடப் பெரிதில்லை. இத்தனை காலமும் குப்பைக்குக் காவல் இருந்தவன் என்று ஆகிவிடுமே, அதுதான் நெஞ்சை அரித்தது.

இன்று காலை வண்டி வந்ததும் முதலில் வெளியே போனது மனைவிதான். பெட்டிக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டுவரப் போனவள், அந்தப் பெண்ணோடு கால் மணி நேரம் குசுகுசுவென்று பேசிவிட்டுத் திரும்பினாள். புதிதாக யாரைப் பார்த்தாலும் அவளுக்குப் பேச ஆயிரம் இருக்கும்.

அவர் தராசைப் பார்த்தார். வண்டிச் சாமான் எல்லாவற்றிலும் மஞ்சள் சீட்டில் எண் ஒட்டியிருந்தது. தராசுக்கு ஏழு. நல்ல பழக்கம் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார். எண்ணுக்குப் பக்கத்தில், ஒயர் செருக ஒரு சின்ன வட்டத் துளை.

அங்கேதான் வினை.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆறு வோல்ட். பழைய கார்ட்லெஸ் போனின் அடாப்டர் அச்சாகப் பொருந்தும். பெட்டியின் இடது மூலை, மேலிருந்து மூன்றாவது.

வாயைத் திறக்காமல் இருந்தால் பெட்டி பிழைத்தது. அடுத்த மாதத்தை யார் கண்டார்கள்? மழை பெய்யலாம், வண்டி பழுதாகலாம், மனைவிக்கே மனசு மாறலாம். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். வானத்தைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார்.

மனைவி ஒரு துணிப்பையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கதவோரம் நின்றாள்.

தராசைத் தூக்கப் போன பெண் நிமிர்ந்தாள்.

"சார், இதுக்குப் பொருந்துற மாதிரி ஒயர் எதுவும் உங்ககிட்ட இருக்குமா?"

அந்த ஒரு நாள் வந்தே விட்டது.

"எத்தனை வோல்ட்டும்மா?"

தெரிந்தேதான் கேட்டார். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற காலத்துக் குரல் அது. அவரே அதைக் கேட்டு நாளாயிற்று.

அவள் தராசைத் திருப்பிப் பார்த்து ஆறு என்று சொல்வதற்குள் அடாப்டர் அவர் கையில் இருந்தது. வாசல் பிளக்கில் செருகினார். தராசு பீப் என்றது. மூன்று பூஜ்யங்கள் பச்சையாக எரிந்தன.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம்.

தலைகால் புரியவில்லை அவருக்கு. நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்ததும் அவர்தான். பதினான்கு கிலோ முந்நூறு கிராம். அடாப்டரை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று தாராளமாகக் கொடுத்தும்விட்டார். தான் என்ன காரியம் செய்தோம் என்பது, பெட்டி வண்டிக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. உறைத்தும் வலிக்கவில்லை.

வண்டி கிளம்பும் நேரத்தில் மனைவி ஓட்டுநர் பக்கம் போனாள். துணிப்பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். சுருட்டிய கறுப்பு ஒயர். நுனியில் அடாப்டர். அடாப்டரில் மஞ்சள் சீட்டு.

கண்ணாடி போடாமலே எண்ணைப் படித்துவிட்டார். ஏழு.

மனைவி திரும்புவதற்குள் நோட்டைப் பிரித்துக் குனிந்துகொண்டார். தேதி எழுதினார். ஆறு வோல்ட் அடாப்டர், ஒன்று என்று எழுதினார். மூன்றாவது கட்டத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு மனைவியின் பெயரை எழுதி, நோட்டை அவளிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடு."

ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பேனாவை வாங்கிப் போட்டுக் கொடுத்தாள்.