மூன்றாவது ரகம்

சலேத்மேரியின் தொண்டைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து ஏழு மாதமாகியும் நாக்குக்கு எந்த ருசியும் தெரியவில்லை. இருப்பதிலேயே இனிப்பான ரகம் எதுவென்று விசாரித்து, அவள் கணவர் இருதயராஜ் மூன்று வகை ஸ்வீட்கார்ன் விதைகளைக் கொல்லையில் ஊன்றினார். மகரந்தம் கலந்தால் இனிப்பு குறையுமென்று ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நாள் இடைவெளி விட்டார்.

முதல் கதிரைக் கடித்தவள், "பஞ்சை மெல்ற மாதிரி இருக்குங்க" என்றாள். இரண்டாவதற்கும் அதையேதான் சொன்னாள்.

மூன்றாவதைப் பறித்த கையோடு வேகவைத்துக் கொடுத்தவர், அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் செடிகள் பக்கம் திரும்பி நின்றார்.

"ஏங்க, இவ்ளோ தித்திப்பான சோளத்துல யாராச்சும் உப்பப் போடுவாங்களா?"

அவர் திரும்பவில்லை.

"காதுல விழல மேரி, இன்னொரு தடவ சொல்லு" என்றார்.