வழக்கமான பதில்

மரகதத்தால் நிற்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுருண்டு சுருண்டு துடித்தாள். சிறுநீரகக் கல் கீழே நகர்கிறது என்று ஸ்கேன் சொல்லிவிட்டது. ஊசியும் தயார்தான். ஆனால் அவள் மணிக்கட்டுப் பட்டையில் வலி பதிவானால்தான் மருந்துப் பெட்டி திறக்கும்.

தண்ணீர் குடித்தால் அடிக்கடி எழுந்து போகவேண்டுமே என்று, பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் வறண்ட தொண்டையோடு தைத்தவள் அவள். அங்கேயும் தினமும் காலையில் இதே பேசும் பட்டை, "வலி இருக்கா?" என்று கேட்கும். இருக்கிறது என்றால் மிஷினில் உட்காரவிடமாட்டார்கள். ஒருநாள் தவறாமல் "இல்லீங்க" என்பாள்.

இப்போதும் பட்டை கேட்டது.

"உசுரு போகுது அவளுக்கு! பாத்தாத் தெரியலீங்களா?" என்று கத்தினான் அவள் புருஷன் சென்னியப்பன்.

"அவங்க வாயாலயே சொல்லோணுமுங்கண்ணா. என்னால தொறக்க முடியாது" என்ற நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

மரகதம் வாயைத் திறந்தாள். குமட்டிக்கொண்டு வந்ததே தவிர, சொல் வரவில்லை.

பத்து விநாடி பொறுத்த பட்டை கனிவாகச் சொன்னது: "சிரமப்படாதீங்க. உங்க வழக்கமான பதிலை நானே பதிஞ்சுக்கிட்டேன். வலி இல்லை."