நாளைக்குப் போட்டுடறேன், மேடம்

"இந்தச் சிவப்பு என்னன்னு தெரியுதா டீச்சர்?"

தலைமையாசிரியை கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். பள்ளியின் ஆப்பில் எல்லா ஆசிரியர் பெயரும் பச்சையில் இருந்தது. கணக்கு டீச்சர் பெயர் மட்டும் சிவப்பு.

"தெரியுது மேடம். எட்டாம் வகுப்பு மார்க் இன்னும் வெளியிடலை."

"பரீட்சை முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. இன்னும் பேப்பர் திருத்தலையா?"

"திருத்திட்டேன். மார்க்கை உள்ளே ஏத்தியும் வச்சிட்டேன்."

"அப்புறம் என்ன? 'வெளியிடு'ன்னு ஒரு பட்டன். அதை அமுக்க நல்ல நேரம் பார்த்துக்கிட்டிருக்கீங்களா?"



அந்த ஆப் வந்த நாளிலிருந்து தலைமையாசிரியைக்கு அதுதான் உயிர்மூச்சு. பட்டனை அமுக்கினால் போதும், பெற்றோர் போனில் மணி அடிக்கும். பிள்ளை வீடு போய்ச் சேருவதற்குள் மார்க் போய்ச் சேர்ந்துவிடும். போன மாதம், தேர்வு நடந்த அன்றே மார்க் வெளியிட்டதற்காக இதே கணக்கு டீச்சருக்கு ஆசிரியர்கள் எல்லோரையும் கைதட்ட வைத்தவர் அவர். அப்படிப்பட்ட டீச்சரே இப்போது இழுத்தடிக்கிறாரே என்ற கோபமும் சேர்ந்துகொண்டது.

"கட்டுப்பாடும் போச்சு. உங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு ஒரு மாசமா முழுக்கைச் சட்டை போட்டுட்டு வருது. நம்ம ஸ்கூல்ல அரைக்கைதான் யூனிஃபார்ம். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பார்த்துக்கறேன் மேடம்."

"நீங்க பார்க்கற லட்சணத்தைத்தான் நான் பார்க்கறேனே."

கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. அயர்ன் மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர் தயங்கியபடி உள்ளே வந்தார். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

"சார் உங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தியோட அப்பா. மார்க் வரலைன்னு புகார் குடுத்தது இவர்தான்" என்றார் தலைமையாசிரியை.

"ஐயோ, புகார்னு இல்லீங்க" என்றார் அவர். குரல் அவ்வளவு பணிவு. "நான் கப்பல்ல வேலை பார்க்கறேன். நாளைக்கு விடியக்காலையில கிளம்பணும். திரும்பி வர ஆறு மாசம் ஆகும். பொண்ணு எப்படிப் படிக்கிறான்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போனா நிம்மதியா இருக்கும். அவகிட்ட கேட்டா, டீச்சர் இன்னும் மார்க் போடலைங்கறா."

தலைமையாசிரியை டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார்.

"நாளைக்குப் போட்டுடறேன், மேடம்."

"நாளைக்கு அவர் இங்கே இருக்க மாட்டார். இப்பதானே சொன்னார்?"

"காலையில வந்ததும் முதல் வேலையாப் போட்டுடறேன்."

"பெத்த மனம் பித்துன்னு சொல்வாங்க. ஒரு தகப்பன் நேர்ல வந்து இவ்வளவு கெஞ்சறார். உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

"மெமோ குடுங்க, வாங்கிக்கறேன். சம்பளத்துல பிடிச்சாலும் சரி. இன்னிக்கு மட்டும் வேண்டாம் மேடம்."

"உங்க அனுமதி எனக்குத் தேவையில்ல" என்று மவுஸை இழுத்தார் தலைமையாசிரியை. டீச்சரின் கை பாதி தூரம் நீண்டு, அப்படியே நின்றுவிட்டது.

பட்டன் அமுங்கியது. அப்பாவின் சட்டைப் பையில் மணி அடித்தது.

அவர் போனை எடுத்துப் படித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. போனை உள்ளே வைத்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி அதையும் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ரொம்ப நன்றி மேடம். பொண்ணை இப்பவே கூட்டிட்டுப் போகலாமா? ஊருக்குப் போறதுக்கு முன்னால அவகிட்ட கொஞ்சம் பேசணும்."

"தாராளமா."

அவர் போனதும் தலைமையாசிரியை டீச்சர் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா? இவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய்..."

டீச்சர் அழுதுகொண்டிருந்தார்.

"முழுக்கைச் சட்டை போட்டுட்டு வர்ற பொண்ணுன்னு கேட்டீங்களே மேடம், அது இவரோட பொண்ணுதான். போன மாசம் நான் அன்னிக்கே மார்க் போட்டேன், நீங்க கைதட்டச் சொன்னீங்க. மறுநாள்லேர்ந்துதான் அவ முழுக்கை போட்டுக்கிட்டு வர்றா."

தலைமையாசிரியை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கேட்டதுக்கு, மாடிப்படியில விழுந்துட்டேன்னு சொன்னா. அவங்க அம்மாவும் அதையே சொன்னாங்க. நான் விடாம கேட்டப்புறம் அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அப்பா கப்பலுக்குப் போற வரைக்கும் மார்க் போடாதீங்க டீச்சர், யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு கெஞ்சினா. நானும் சரின்னுட்டேன். அவ ஒருத்தி மார்க்கை மட்டும் நிறுத்தினா தெரிஞ்சுடும்னு மொத்த கிளாஸுக்கும் நிறுத்தி வச்சேன். உங்ககிட்டயாவது சொல்லியிருக்கணும். தப்புதான்."

கடைசி வார்த்தையைக் கேட்கத் தலைமையாசிரியை அங்கே இல்லை. வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தார். எதற்கும் ஓடாத மனுஷி.

அப்பா முன்னால் நடக்க, பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் பின்னால் வந்துகொண்டிருந்தாள். நடந்தபடியே மணிக்கட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டன் ஓட்டைக்குள் போகவில்லை.

தலைமையாசிரியை மூச்சு வாங்க இருவருக்கும் நடுவில் போய் நின்றார். அவள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சார், பொண்ணை இப்ப அனுப்ப முடியாது."

"ஏன் மேடம்? நீங்கதானே தாராளமான்னு சொன்னீங்க?"

"எங்க ஸ்கூல்ல அரைக்கைதான் யூனிஃபார்ம். இவ முழுக்கை போட்டிருக்கா. ஏன்னு விசாரிக்காம அனுப்ப மாட்டேன்."