பருத்திக் கண்ணீர்

பருத்தியைக் காரத்தில் ஊறவைத்து, அதன் குளுக்கோஸ் கண்ணிகளில் அமிலத் துணுக்குகளைக் கோத்து, தண்ணீரில் கூழாகும் மாவு செய்யும் ஆலையில் வடிவுக்கு வேலை. வறண்ட கண்களுக்கு விடும் சொட்டு மருந்தில் அந்த மாவுதான் சேர்கிறது. வடிவின் கண்களும் நோயால் வறண்டவை. மாமியாரின் உடலருகே அவள் அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மாமியாளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீரு விடுதாளா பாரு. கல்லு மாதிரில்லா இருக்கா" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

கண் எரிந்தது. மருந்துக் குப்பி இடுப்பில்தான் இருந்தது. எல்லார் முன்னும் விட்டால் நடிப்பென்பார்கள் என்று வடிவு அதை எடுக்கவில்லை.

அழுதுகொண்டிருந்த நாத்தனார் ஆவுடை எழுந்து வந்து வடிவின் இடுப்பிலிருந்து குப்பியை எடுத்தாள்.

"தெனமும் அம்மாதான ஒங்களுக்கு விடுவா. இன்னைக்கு நான் விடுதேன், மதினி."

முகத்தை நிமிர்த்தி இரு கண்களிலும் விட்டாள். மருந்து கன்னத்தில் வழிந்தது. துடைக்கப்போன வடிவின் கையை ஆவுடை பிடித்துக்கொண்டாள்.