லகடி பாலத்தில் ஒரு பெயர்

லகடி பாலத்தில் கால் வைக்க இடமில்லை. பாதி பூனா அங்கேதான் குடையோடு நின்று வெள்ளம் பார்த்துக்கொண்டிருந்தது.

வத்சலா செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள்.

மேலே பான்ஷேத் அணை உடைந்துவிட்டது. கண்ணால் பார்த்தவர் ஒருவர் லாரி பிடித்து வந்து சொன்னதும், அவள் வளாகத்தின் எட்டுக் குடித்தனங்களும் பர்வதி குன்றுக்குக் கிளம்பிவிட்டன. அவள் மட்டும் எதிர்த்திசையில் வந்தாள்.

அவள் கணவருக்கு அச்சகத்தில் வேலை. மழைக்காலம் வந்தால் போகிற வழியில் இந்தப் பாலத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அரை மணி நேரமாவது தண்ணீரைப் பார்க்காமல் நகரமாட்டார்.

போலீஸ் ஜீப் ஒலிபெருக்கியில் இரண்டு தரம் எச்சரித்துவிட்டுப் போயிருந்தது. யாரும் அசையவில்லை. நேற்று சாயங்காலம் ஒரு தரம் உடைந்தது, இன்று காலை ஒரு தரம் உடைந்தது, சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தரம் உடையும் என்று ஒரு கறுப்புக் குடைக்காரர் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சோளக்கதிர் சுடுகிறவனுக்கு நல்ல வியாபாரம். பெண்கள் ஆற்றுக்குத் தேங்காயும் குங்குமமும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வத்சலாவும் சொல்லிப் பார்த்தாள். பதறாமல் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

"என்னங்க" என்று கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். இருபது ஆண்கள் திரும்பினார்கள். அவர் இல்லை.

"அண்ணி, இங்க நிக்கிறவன்ல பாதிப் பேரு யாருக்காவது 'என்னங்க'தான். உங்களுக்கு எந்த 'என்னங்க' வேணும்?" என்றார் குடைக்காரர்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவர் பெயரை அவள் வாயால் சொன்னது ஒரே ஒரு தரம், கல்யாணப் பந்தியில், அதுவும் அவர்கள் வழக்கப்படி ஒரு பாட்டுக்குள் ஒளித்துவைத்து. ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டைத்தான் நீட்டுவாள்.

ஆற்றின் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் ஏறினாள்.

"த்ரியம்பக்! த்ரியம்பக் கோவிந்த் லேலே!"

சோளக்காரனின் விசிறி நின்றது.

கழுத்தில் தாலியோடு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, குடும்பப் பெண் ஒருத்தி பட்டப்பகலில் நடுத்தெருவில் புருஷன் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். அதுவும் மாமனார் பெயரையும் சேர்த்து.

குடைக்காரர் குடையை மடக்கினார்.

"நிஜமாவே உடைஞ்சிருச்சுய்யா" என்றார் மெதுவாக.

அதற்கப்புறம் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜீப் இரண்டு தரம் வந்தும் காலியாகாத பாலம், பத்து நிமிஷத்தில் காலியானது.

பாலத்தின் முனையில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியாக, அடுப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு சோளக்காரன் போனான்.

அவர் இல்லவே இல்லை.

யாரோ ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பர்வதியின் படிகளில் பாதி ஏறித் திரும்பிப் பார்த்தபோது பாலம் தெரியவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வத்சலா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட வரவில்லை.

பாலத்திலிருந்து வந்தவர்கள் உட்காரவில்லை. குடைக்காரர்தான் முதலில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தார். அடுத்த படிக்காரர் அதை மேலே சொன்னார். வத்சலாவின் கணவரை ஒரு நாளும் பார்த்திராத ஜனங்கள், வாய்க்கு வாய் அவர் பெயரைக் குன்றின் உச்சிவரை ஏற்றிவிட்டார்கள்.



பிறகு உச்சியிலிருந்த கோயில் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. அச்சகத்திலேயே செய்தி தெரிந்து, பாலத்துப் பக்கம் போகாமல் வீட்டுக்கு ஓடி, பூட்டைப் பார்த்துவிட்டு, குன்று முழுக்க ஒருத்தியைத் தேடித் தேடிக் கம்மிப்போன குரல்.

"என் பேரை இப்படி ஊரு பூரா ஏலம் போடறது யாருய்யா?"

படிகளில் நின்ற அத்தனை பேரும் ஒதுங்கி வத்சலாவுக்கு வழிவிட்டார்கள்.

யார் என்று மட்டும் ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை.