முப்பத்தெட்டு மூடி

சோடா மூடிகளை மேசைமேல் கலகலவென்று கொட்டினாள் மங்கையற்கரசி. கிளினிக்கில் இரத்தத்தில் சீனி பார்க்கும் தாதி உசாந்தி, தன் மெசினைச் சட்டென்று தூக்கிக்கொண்டாள்.

"எண்ணிப் பாருங்க மிஸ்ஸி, முப்பத்தெட்டு! இன்னும் ரெண்டு சேத்து அனுப்பினா கம்பனிர மோட்டார் சைக்கிள் குலுக்கல்ல சேரலாமாம். சீனி வருத்தக்காரன் ஒரு நாளைக்கு ரெண்டு போத்தல் சோடா வாங்கினா வெளங்குமா?"

நோயாளியான அவள் கணவர் கோணாமலை, பக்கத்தில் கிளினிக் கொப்பியைச் சுருட்டியபடி இருந்தார். இந்த முறையும் சீனி இறங்காவிட்டால் குளிசை போதாது, தினமும் ஊசிதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஷெல் விழுந்த காலத்தில் பதுங்கு குழிக்குள் குறட்டை விட்ட மனிதர், ஊசி என்றால் மட்டும் வேர்த்துப்போவார்.

மங்கையற்கரசிக்கு விளம்பரத்தின் மேல்தான் கோபமெல்லாம்.

"சண்டை முடிஞ்சு பாதை துறந்ததும் முதல் வேலையா இந்தச் சோடாக் கம்பனி லொறிதான் எங்கட தேற்றாத்தீவுக்குள்ள வந்த. சந்தியில ஒலிபெருக்கி. மதிலெல்லாம் ஒருத்தி போத்தலோட சிரிக்காள். பரிசு தாறவன் ஒரு மூட்டை அரிசியைத் தரட்டுமே, நாசமாப் போவான்!"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து மடமடவென்று குடித்தாள். காலையிலிருந்து அது இரண்டாவது போத்தல்.

"மெதுவாக் குடிங்க அக்கா. மிச்சத்தைப் பிறகு குடிக்கலாம், இல்லாட்டி ஊத்துங்க," என்றாள் உசாந்தி.

"ஊத்துறதா? சுனாமி முகாமில ஒரு வாளித் தண்ணிக்கு மூணு மணித்தியாலம் வரிசையில நிண்டவள் நான். அந்த நாளையில இருந்து வீட்டுக்கு வந்த எதையும் ஊத்த எனக்கு மனம் வாறல்ல." போத்தலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் வாயில் விட்டுக்கொண்டாள்.

உசாந்தி கோணாமலையின் விரலில் குத்தினாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மெசினில் வந்த எண்ணை அவள் இரண்டு தடவை பார்த்தாள்.

"அண்ணன், நல்லா இறங்கியிரிக்கு. ஊசி தேவையில்ல."

"களுதாவளைப் பிள்ளையாரே!" மங்கையற்கரசி கையெடுத்துக் கும்பிட்டாள். இவ்வளவு நேரமும் பயத்தை ஏச்சாக்கிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது அழுகை வந்துவிட்டது.

உசாந்திக்கு மட்டும் கணக்கு இடித்தது. "அப்ப நீங்க சோடா குடிக்கிறல்லையா அண்ணன்?"

"ஒரு முடறும் இல்ல மிஸ்ஸி. மூடியக் கழட்டி எடுப்பன். மறுகா போத்தல இவள்ட குசினியில வச்சிருவன்."

உசாந்தி மூடிகளைப் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தாள். பிறகு புது ஊசி ஒன்றைப் பிரித்தாள்.

"அக்கா, நீங்க விரல நீட்டுங்க."