அழுக்கே படாத ஃபில்டர்

தப்பும் தவறுமாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து பயந்துதான் டீசல் இஞ்சினம்மா இந்தக் கதையைப் பக்கத்தில் நின்ற டிராக்டரிடம் சொன்னாள்.

செங்கல் சூளைக்கு ஓடும் பழைய பிக்கப் வண்டியில் அவளுக்கு வேலை. அவளுக்குக் காற்றை வடிகட்டிக் கொடுத்தது ஒரு பேப்பர் ஃபில்டர். அதற்கு எப்போதும் மண் அப்பிய முகம். வாராவாரம் டிரைவர் மாசாணம் அதைக் கழற்றி டயரில் பட்பட்டென்று தட்டுவான். சூளைத் தூசி புகையாகப் பறக்கும்.

"அழுக்கு மூட்டையே, உன் வழியாகவா நான் மூச்சு விடுவது?" என்று அலுத்துக்கொள்வாள்.

"உனக்கென்ன தாயி, அடி வாங்குவது நான்தானே!" என்று அது முனகும்.

இழுவை கூடும் என்று நம்பி, ஒருநாள் மாசாணம் பளபளவென்று ஒரு சிவப்பு ஃபில்டரை மாட்டினான். பழையது ஷெட் மூலைக்குப் போனது.

"தாராளமா மூச்சு விடுங்க அக்கா! நான் யாரையும் தடுக்கமாட்டேன்" என்றது புதுசு.

இஞ்சினம்மாவுக்கு ஒரே குஷி. மேட்டில் உறுமிக்கொண்டு ஏறினாள். மாதம் ஒன்றாகியும் புது ஃபில்டர் சிவப்பாகவே இருந்தது.

"எப்படிடா தம்பி, உன்மேல பொட்டு அழுக்கில்லையே?" என்று இருமிக்கொண்டே கேட்டாள்.

"வர்ற தூசியெல்லாம் உங்ககிட்டதானே அக்கா அனுப்பிவைக்கிறேன்!"

அதைக் கேட்டதும் இஞ்சினம்மா கரும்புகையைக் கக்கிவிட்டுச் சூளை வாசலிலேயே நின்றுவிட்டாள். மாசாணம் கெஞ்சினான், திட்டினான், பானட்டைக் குத்தினான். பழைய ஃபில்டர் வந்து உட்கார்ந்து, மூடியின் கிளிப் டக்கென்று விழும் சத்தம் கேட்கும்வரை அவள் ஸ்டார்ட் ஆகவே இல்லை.